காகக் கூட்டில் மூன்றாவது பறவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காகங்களின் ஒற்றுமையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பறவைகளுக்காக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி தந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் மூன்று வேறுவேறு செயல்கள் 'உதவி' என்ற ஒரே சொல்லுக்குள் போய் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துக் காட்டவே இக்கடிதம். பிரிக்காவிட்டால், காகக் குடும்பத்தில் (காகமும் அதன் உறவுப் பறவைகளும் சேர்ந்த இனக்குழுவில்) உதவும் குணம் எப்படி உருவானது என்ற கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போகும்.

சோற்றைக் கண்ட காகம் கரைந்து மற்றவற்றை அழைப்பது ஒன்று. குஞ்சு தரையில் விழுந்தால் பத்துப் பதினைந்து காகங்கள் கூடிக் கத்தி, அந்தப் பக்கம் போகிறவர் தலையில் கொத்துவது இரண்டாவது. தான் பெறாத குஞ்சுக்கு நாள்தோறும் இரை கொண்டுவந்து ஊட்டுவது மூன்றாவது. முதல் இரண்டையும் நம் தெருவில் தினமும் பார்க்கலாம். உயிரியலார் 'கூட்டு உதவி' என்று சொல்வது மூன்றாவதை மட்டும்தான்.

முதலிரண்டில் செய்கிறவருக்கே உடனடி ஆதாயம் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலக் காடுகளில் பெர்ண்ட் ஹைன்ரிக் ஆராய்ந்த ரேவன் என்னும் பெருங்காகங்களை எடுத்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில் செத்த விலங்கு ஒன்று கிடந்தால், அந்த இடத்தை ஆளும் இணை அதைத் தன்வசம் வைத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அங்கே தனியாக வரும் இளம் பறவைக்கு ஒரு வாய்கூடக் கிடைக்காது. அது கத்தித் தன் வயதுப் பறவைகளைக் கூட்டிவந்தால், கூட்டத்தை விரட்ட முடியாமல் இணை விட்டுக்கொடுக்கும், அழைத்ததும் சாப்பிடும். கூடி விரட்டுவதும் அப்படியே. பக்கத்துக் கூட்டுக்கு வந்த பூனை நாளை தன் கூட்டுக்கும் வரும்.

மூன்றாவது செயல்தான் கணக்குக்கு அடங்காததுபோல் தோன்றுவது. ஒரு பறவை தான் முட்டையிடாமல், இன்னோர் இணையின் குஞ்சுக்காக வெயிலில் புழு தேடி அலைகிறது. அந்தக் குணம் தலைமுறை தாண்டி எப்படி நிலைக்கும்? 1964இல் வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் இதற்கு ஒரு கணக்கைத் தந்தார். பெற்ற பிள்ளைக்கும் பெற்றவருக்கும் உள்ள மரபுப் பங்கு, அதாவது பொதுவாக உள்ள மரபணுக்களின் அளவு, சரிபாதி. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகளுக்கு இடையிலும் சராசரியாக அதே பாதிதான். ஆகவே தம்பி ஒன்று கூடுதலாகப் பிழைப்பதும், தன் பிள்ளை ஒன்று பிழைப்பதும் மரபுக் கணக்கில் சமம்.

எண்ணை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். இவை விளக்கத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள். ஓர் இளம் பறவை வீட்டை விட்டுப் போனால் சொந்த இடம் கிடைக்கும் வாய்ப்பு 10இல் 1 என்று வைப்போம். கிடைத்தால் 2 குஞ்சு வளர்க்கும். சராசரி 0.2 குஞ்சு, அதில் பாதி 0.1. வீட்டிலேயே தங்கி உதவினால் பெற்றோருக்கு அரைக் குஞ்சு கூடுதலாகப் பிழைக்கிறது என்று வைப்போம். அதில் பாதி 0.25. தங்குவதே மேல். வெளியே இடம் கிடைக்கும் வாய்ப்பு 10இல் 5 என்று ஆகிவிட்டால் போவதன் மதிப்பு 0.5 ஆகும், உதவி நின்றுபோகும். தாய் வேறோர் ஆணுடன் சேர்ந்து முட்டையிட்டிருந்தால் உடன்பிறப்புப் பங்கு கால்வாசியாகக் குறையும். உதவியின் மதிப்பும் 0.125 ஆகச் சரியும். பறவை இதையெல்லாம் உட்கார்ந்து கணக்கிடுவதில்லை. கணக்குக்கு ஒத்துவந்த நடத்தை கொண்டவை அதிகச் சந்ததி விட்டன, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் களத்தில் மிகத் தெளிவாகக் காட்டியது காகக் குடும்பத்தைச் சேர்ந்த புளோரிடா ஸ்க்ரப் ஜே. நீலமும் சாம்பலும் கலந்த, கொண்டையில்லாத பறவை. உலகில் புளோரிடா மாநிலத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அங்குள்ள ஆர்ச்போல்டு உயிரியல் நிலையத்தில் 1969இல் கிளென் உல்ஃபெண்டன் ஒவ்வொரு பறவையின் காலிலும் வண்ண வளையங்கள் இட்டுப் பதிவைத் தொடங்கினார். பின்னர் ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக் சேர்ந்துகொண்டார். எந்தப் பறவை யாருடைய பிள்ளை, எந்த ஆண்டு எங்கே போனது, எப்போது இறந்தது என்று அரை நூற்றாண்டுக்கும் மேலான குடும்ப வரலாறு அங்கே இருக்கிறது.

ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 10 ஹெக்டேர், நம் கணக்கில் 25 ஏக்கர் நிலம். வெள்ளை மணலில் வளரும் குட்டை ஓக் புதர்க்காடு அது. ஒரு பறவை ஆண்டுக்கு 6000 முதல் 8000 ஓக் கொட்டைகளை மணலில் புதைத்துவைத்து, பிறகு தோண்டித் தின்னும். பொருத்தமான நிலம் முழுவதற்கும் ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு. ஆகவே பிறந்த குஞ்சு குறைந்தது ஓராண்டாவது பெற்றோருடன் தங்கும். பல பறவைகள் அதற்கும் மேல் தங்கும். தங்குகிறவை சும்மா இருப்பதில்லை. புதர் உச்சியில் முறைவைத்துக் காவல் இருக்கும். பாம்பு வந்தால் கூடி விரட்டும். தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். கூடு கட்டுவதிலும் அடைகாப்பதிலும் அவற்றுக்குப் பங்கில்லை. அடைகாப்பது தாய் மட்டுமே. இணைகள் ஒன்றுக்கொன்று உண்மையாக இருப்பதை மரபணுச் சோதனையும் உறுதிசெய்திருக்கிறது. அதனால் ஹாமில்டன் கணக்கில் வரும் அந்தப் 'பாதி' இங்கே குறைவதில்லை.

ஆண் உதவியாளருக்கு இன்னொரு லாபமும் உண்டு. குடும்பம் பெருகப் பெருக அக்கம்பக்கத்தை நெருக்கித் தன் எல்லையை விரிக்கும். விரிந்த நிலத்தின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டு மகன் தனிக்குடித்தனம் போவான். அப்பன் இறந்தால் நிலம் மகனுக்கு வருவதும் உண்டு. வயல் வரப்பு நமக்குத் தெரிந்ததால் இது உடனே புரியும். பெண் பறவைகள் இன்னும் தொலைவு போய் இணை தேடும். அதனால் நெடுநாள் தங்குகிறவை பெரும்பாலும் ஆண்களே.

இவற்றின் நெருங்கிய உறவான கலிபோர்னிய ஸ்க்ரப் ஜே பொதுவாக இணையாகவே குஞ்சு வளர்க்கிறது, உதவியாளர் கிடையாது. இன்னோர் உறவான மெக்சிகோ ஜே அரிசோனா மலைகளில் பெருங்குடும்பமாக வாழ்கிறது. ஒரே எல்லைக்குள் பல கூடுகள், ஒரு பறவை பல கூடுகளுக்கும் இரை கொண்டுபோகும். ஒரே பேரினத்துக்குள் மூன்று வகை நடத்தை என்னும்போது, 'காகக் குடும்பம் இயல்பிலேயே ஒற்றுமையானது' என்ற ஒருவரி விளக்கம் எங்கே நிற்கும்?

இங்கே ஆய்வாளரே தவறிய ஓர் இடத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் தங்கள் கட்டுரையும் அதே தவற்றைச் செய்திருக்கிறது. உதவியாளர் உள்ள கூடுகளில் அதிகக் குஞ்சுகள் பிழைக்கின்றன, ஆகவே உதவி பயன்தருகிறது என்ற வாதம் தானாக நிற்காது. நல்ல நிலம் உள்ள இணைக்குச் சென்ற ஆண்டும் குஞ்சுகள் நிறையப் பிழைத்திருக்கும். அவையே இந்த ஆண்டு உதவியாளர்களாக நிற்கும். இந்த ஆண்டு குஞ்சு அதிகம் என்றால் காரணம் நிலமா, உதவியாளரா, பெற்றோரின் அனுபவமா? எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரே வழி, ஒரே வகை நிலத்தில் உள்ள குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் உதவியாளர்களைப் பிடித்து அகற்றி, மறுபகுதியை அப்படியே விட்டு ஒப்பிடுவது. ரொனால்ட் மம்மி அதே ஆர்ச்போல்டில் இதைச் செய்து 1992இல் வெளியிட்டார். உதவியாளர் இழந்த குடும்பங்களில் குஞ்சு இழப்பு கூடியது. காவலுக்குக் கண்கள் குறைந்தால் கூட்டில் இருக்கும் குஞ்சு பாம்புக்கும் பருந்துக்கும் போகிறது. ஊட்ட ஆள் குறைந்தால் கூடு நீங்கிய குஞ்சு மெலிகிறது. ஆக உதவியின் பயன் உண்மையே. ஆனால் அதைச் சொல்லும் உரிமை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் கிடைத்தது.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது ஸ்பெயின் நாட்டுச் சான்று. எங்கள் கருத்தில் இந்தப் பொருளில் இதுவே மிக முக்கியம். ஐரோப்பாவின் கேரியன் காகம் பெரும்பாலான நாடுகளில் இணையாகக் கூடு கட்டும். பிள்ளை வளர்ந்ததும் போய்விடும். வட ஸ்பெயினின் லெயோன் பகுதியில் மட்டும் ஏறக்குறைய நான்கில் மூன்று எல்லைகளில் கூட்டுக் குடும்பம். ஒன்றில் 9 பறவைகள்வரை இருக்கும். வித்தோரியோ பாலியோனேயும் அவர் குழுவினரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: லெயோன் காகம் பிறவியிலேயே வேறா, அல்லது ஊர்தான் வேறா? உதவும் வழக்கமில்லாத சுவிட்சர்லாந்துக் காகங்களின் முட்டைகளை எடுத்து லெயோன் கூடுகளில் வைத்தார்கள். 2002இல் வந்த முடிவு இது: அப்படி வளர்ந்த 6 இளம் பறவைகளில் 5 வீட்டை விட்டுப் போகவில்லை, அவற்றில் 2 அடுத்த பருவத்தில் உதவியாளர்களாகவே ஆயின. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் சுவிஸ் முட்டைக்குள் அந்தத் திறன் இருந்தது, வெளிப்பட இடம்தான் வேண்டியிருந்தது என்பதை அது காட்டிவிட்டது.

இடத்தில் அப்படி என்ன இருக்கிறது? லெயோன் காகம் ஆண்டு முழுவதும் தன் எல்லையிலேயே இருக்கிறது. சொத்து இருக்கும் வீட்டில் பிள்ளை தங்கும். இதையும் சோதித்தார்கள். சில குடும்பங்களின் எல்லைக்குள் ஆண்டு முழுக்கக் கூடுதல் உணவு வைத்தார்கள். அங்கே அதிகப் பிள்ளைகள் தங்கின, உதவவும் செய்தன. 2006இல் அது வெளியானது. ஆகவே நடப்பது இரண்டு படி. முதலில் தங்குவது; பிறகு உதவுவது. முதல் படி இல்லாமல் இரண்டாவது வராது.

தங்குகிறவை எல்லாம் ஒரே அளவில் உழைப்பதும் இல்லை. லெயோன் குடும்பங்களில் கூட்டுக்கு இரையே கொண்டுவராத உறுப்பினர்கள் உண்டு. அவற்றைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெற்றோரில் ஒன்றின் இறகைச் சிறிது வெட்டி அதன் வேலைத்திறனைக் குறைத்தபோது, அதுவரை சும்மா இருந்தவை இரை சுமக்கத் தொடங்கின. அவை குடும்பத்தின் சேமிப்புக் கைகள். இரை ஊட்டுவது மலிவான வேலையும் அல்ல. இந்தக் காகங்களில் ஊட்டுகிற பறவையின் எடை குறைகிறது. அதனால் 'பொய் ஊட்டல்' என்ற ஒன்றும் உண்டு: குஞ்சின் வாயில் இரையை வைப்பதுபோல் வைத்து, மறுபடி எடுத்துத் தானே விழுங்குவது. ஒரு கூட்டைச் சிறிது நேரம் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு 'மூன்று பறவை ஊட்டியது' என்று எழுதுகிறவர் இங்கேதான் ஏமாறுவார். குஞ்சு விழுங்கியதா என்று பார்க்கவேண்டும்.

காகக் கூட்டில் குயில் முட்டையிடுவது நமக்குப் பழகிய செய்தி என்பதால் இதையும் சொல்கிறோம். லெயோனிலும் பெரும்புள்ளிக் குயில் என்ற இனம் காகக் கூட்டில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு காகக் குஞ்சுகளைத் தள்ளிவிடுவதில்லை. பிடித்தால் நாற்றமடிக்கும் ஒரு நீரைப் பீய்ச்சுகிறது. அது கொன்றுண்ணிகளை விலக்குகிறது. குயில் குஞ்சு இருந்த கூடுகள் முழுதாக அழிவது குறைவு என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பெற்றோருடன் தங்கியும் உதவாத பறவைகளும் இதே காகக் குடும்பத்தில் இருக்கின்றன. வட சுவீடனின் சைபீரிய ஜே பிள்ளையைச் சில ஆண்டுகள்கூட வீட்டில் வைத்துக்கொள்ளும். பருந்து வந்தால் பெற்றோர் தம் பிள்ளைக்காக அதிகம் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். இரையிடத்தில் பிள்ளையை உண்ண விட்டு, அந்நியனை விரட்டும். அப்படியிருந்தும் பிள்ளை கூட்டுக்கு இரை கொண்டுபோவதில்லை. கனடா ஜேயில் இன்னும் நுட்பம்: கூட்டில் குஞ்சு இருக்கும்வரை பெற்றோர் மூத்த பிள்ளையை ஊட்ட விடுவதில்லை, குஞ்சு கூட்டை விட்டு வந்தபின் விடுகிறார்கள். காரணம் போக்குவரத்துதான். ஒரு கூட்டுக்கு எத்தனை முறை பறவை வந்துபோகிறதோ, அத்தனை முறை அந்த இடத்தைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. முட்டை திருடும் பிற காக இனங்கள் சுற்றிலும் இருக்கும் காட்டில், கூடுதல் கை கூடுதல் ஆபத்து.

நேர் எதிர்முனையில் ஆஸ்திரேலியாவின் வெள்ளைச்சிறகு சஃப் என்னும் பறவை. இது காகக் குடும்பமல்ல, அதற்கு உறவான குடும்பம். மண்ணைக் குழைத்து, கிடைக்கிளையில் சட்டிபோல் கூடு கட்டும். தனி இணையால் குஞ்சு வளர்க்கவே முடியாது. குறைந்தது 4 பறவைகள் வேண்டும். கூட்டம் 20வரை போகும். மண்ணைக் கிளறிப் புழு எடுக்கும் திறமை இளம் பறவைக்கு வரவே பல ஆண்டுகள் ஆகின்றன. முதிர 4 ஆண்டுகள். அடைகாப்பதிலும் உதவியாளர் பங்கேற்று எடை இழக்கின்றன. ஆள்பலம் அவ்வளவு தேவை என்பதால், அடுத்த கூட்டத்தின் கூடு நீங்கிய குஞ்சுகளைக் கடத்திவந்து வளர்த்து வேலைக்கு வைத்துக்கொள்வதையும் ராபர்ட் ஹெய்ன்சோன் 1991இல் பதிவுசெய்தார்.

இந்த ஆஸ்திரேலிய உறவு வரலாற்றுக்கும் திறவுகோல். காகங்களின் மூதாதைக் கிளை ஆஸ்திரேலியா, நியூகினியா பக்கத்தில் தோன்றி, பிறகு ஆசியா வழியாக வடக்கே பரவியது. இனங்களின் உறவைக் காட்டும் மரபு மரத்தின்மீது உதவும் இனங்களையும் உதவாத இனங்களையும் குறித்துப் பார்த்த யான் ஏக்மனும் பெர் எரிக்சனும் 2006இல், குடும்பமாகத் தங்கி உதவுவதே பழைய நிலை, வடக்கில் பல கிளைகள் அதை இழந்தன என்று வாதிட்டார்கள். காகம் உதவக் கற்றது எப்போது என்று மட்டும் கேட்டுவந்தோம். எப்போது, ஏன் விட்டது என்பதும் அதே அளவு கேட்கத் தக்கது. கைவிட்ட பிறகும் திறன் உள்ளே கிடக்கலாம் என்பதற்கு அந்தச் சுவிஸ் முட்டைகள் சாட்சி.

இனி நம் ஊருக்கு. ஊர்க்காகமும் அண்டங்காக்கையும் வால்காக்கையும் இணையாகக் குஞ்சு வளர்ப்பவை. கூட்டு உதவியை நேரில் பார்க்க விரும்பும் வாசகர் காகத்தைவிடத் தவிட்டுக்குருவியைப் பார்க்கலாம். அது காகத்துக்கு நெருங்கிய உறவல்ல, ஆனால் கூட்டமாகவே எல்லை காத்து, கூட்டமாகவே குஞ்சுக்கு ஊட்டும். தோட்டம் உள்ள எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

காகக் கூட்டிலும் மூன்றாவது பறவை வந்ததாகச் சொல்ல நினைப்பவர் இதைச் செய்யுங்கள். கூட்டுக்கு நேர் உயரத்தில் உள்ள மொட்டைமாடியில், 20 மீட்டராவது தள்ளி, குஞ்சு பொரித்த இரண்டாவது வாரத்தில் உட்காருங்கள். அப்போதுதான் ஊட்டல் உச்சத்தில் இருக்கும். ஒருமுறைக்கு 2 மணி நேரம், வெவ்வேறு நாளில் 3 முறையாவது வேண்டும். வளையமிட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால், உடைந்த இறகு, வளைந்த விரல், அலகின் வடு போன்ற அடையாளங்களை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெற்றோரும் கண்ணில் படும் அதே நேரத்தில் மூன்றாவது வந்து ஊட்டினால்தான் அது மூன்றாவது. தொண்டைக்கீழ் புடைத்திருந்தால் இரை சுமக்கிறது என்று பொருள். கூட்டில் அமர்ந்து சிறகடித்து வாய் திறப்பது குஞ்சாக இருக்கவேண்டியதில்லை. ஆணிடம் இரை கேட்கும் தாயும் அப்படியே செய்யும். அருகில் வந்து நிற்கும் மூன்றாவது காகம் முட்டைத் திருடனாகவும் இருக்கலாம். வாயுட்புறம் சிவந்திருந்தால் அது இளம் பறவை. கொடுக்க வந்ததா, கேட்க வந்ததா என்று பாருங்கள். மரத்தில் ஏறவே வேண்டாம். கூடு கெடும் என்பது முதல் காரணம். அடுத்தது, காகம் முகத்தை மறக்காது. சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்த பிறகு, அந்த முகமூடியைக் கண்ட காகங்கள் பல ஆண்டுகள் கழித்தும் கத்தித் துரத்தின. அப்புறம் அந்தத் தெருவில் யாரும் கூடு பார்க்க முடியாது.

இப்படிக் குறித்த பதிவு யாரிடமாவது இருந்தால், இடம், தேதி, நேரம், அடையாளங்களோடு தங்கள் இதழுக்கு அனுப்பச் சொல்லி ஒரு சிறு அறிவிப்பு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறு இணைப்பில் திருத்தம் போட இடமிருந்தால், சோற்றுக்கு அழைப்பதையும் கூட்டில் உதவுவதையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கர்கள் சிலர்,
மதுரை